கடை சிஸ்டத்தில் பென்டிரைவ் தானாக மவுண்ட் ஆவதை எந்த அளவுக்கு விடலாம்? (டெபியன் 12, ஓப்பன்பாக்ஸ்)

தோட்டப்பாளையம் டிடிபி:

வணக்கம். வேலூர் தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். எல்லா சிஸ்டத்திலும் டெபியன் 12 லினக்ஸ்தான். கவுண்டரில் இருப்பதில் முழு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் இருக்கிறது, அதில் பென்டிரைவ் செருகிய உடனே ஃபோல்டர் திறக்கிறது. உள்ளே இருக்கிற இரண்டும் பழைய டப்பா, ராம் குறைவு, அதனால் வெறும் ஓப்பன்பாக்ஸ் (திரையில் ஜன்னல்களை மட்டும் கவனிக்கிற சின்ன புரோகிராம்) போட்டு ஃபைல் மேனேஜராக துனார் மட்டும் வைத்திருக்கிறோம். அவற்றில் செருகினால் ஒன்றுமே நடப்பதில்லை. பென்டிரைவில் லைட் எரிகிறது, டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே அடித்தால் எஸ்டிபி1 என்று வரிசையில் வருகிறது, மவுண்ட்பாயின்ட், அதாவது பென்டிரைவ் எந்த ஃபோல்டராக இணைந்து திறக்கும் என்பது, இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. ஒவ்வொரு முறையும் கடைப் பையன் ரூட் (அட்மின்) பாஸ்வேர்டு போட்டு மவுண்ட் பண்ண வேண்டியிருக்கிறது, அதுவரை கஸ்டமர் நின்றுகொண்டே இருக்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் காட்பாடிப் பக்கம் படிக்கிற பிள்ளைகள், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங்குக்கு வருவார்கள். மீதிப் பேர் ஆஸ்பத்திரிக்காக வங்காளம், அசாம் பக்கமிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறவர்கள், பழைய ரிப்போர்ட், ஸ்கேன் சிடி எல்லாம் கொண்டு வருவார்கள். நாள் முழுக்க ஒரே போர்ட்டில் யார் யாருடைய பென்டிரைவோ போய் வருகிறது. தானாக மவுண்ட் ஆனால் வேலை சீக்கிரம் ஓடும், சரி. ஆனால் ஒருவர் பென்டிரைவில் இருக்கிற வைரஸ் எங்கள் சிஸ்டம் வழியாக அடுத்தவருக்குப் போய்விடக் கூடாது. ஆஸ்பத்திரி ஃபைலோடு வருகிறவர்களிடம் அந்த மாதிரி நடந்தால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்.

குடியாத்தம் லினக்ஸ்:

முதல் கேள்வி சுலபம் அண்ணா. இதில் இன்னா விஷயம் என்றால், லினக்ஸில் "தானாக மவுண்ட்" என்று தனியாக ஒரு வேலைக்காரன் கிடையாது, நாலு பேர் கை மாற்றுகிற வேலை அது. செருகியதைக் கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, பார்க்கிறது. யூடெவ் அதற்கு எஸ்டிபி1 மாதிரி பெயர் வைத்து, லேபிள், யுயுஐடி (டிரைவுக்கென்று இருக்கிற தனி அடையாள எண்), ஃபைல் சிஸ்டம் என்ன வகை என்பதையெல்லாம் படித்து வைக்கிறது. யூடிஸ்க்ஸ்2 என்கிற சர்வீஸ் மவுண்ட் பண்ணத் தயாராக நிற்கிறது. ஆனால் யாராவது கேட்டால்தான் பண்ணும், அதுவாகப் பண்ணாது. அப்படிக் கேட்கிற ஆள் உங்கள் டெஸ்க்டாப்பில் இருக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇயில் துனார்-வால்மேன் அதைச் செய்கிறது, க்னோமில் டெஸ்க்டாப்பே ஜிவிஎஃப்எஸ் மூலமாகச் செய்கிறது. வெறும் ஓப்பன்பாக்ஸில் கேட்க ஆளே இல்லை. எல்எஸ்பிஎல்கேயில் வருகிறது, மவுண்ட் ஆகவில்லை என்பதற்கு அதுதான் அர்த்தம்.

இரண்டு வழி உண்டு. துனார் ஏற்கெனவே இருப்பதால் ஜிவிஎஃப்எஸ், துனார்-வால்மேன் இரண்டையும் நிறுவி, துனாரை டீமன் ஆப்ஷனோடு ஓப்பன்பாக்ஸின் ஆட்டோஸ்டார்ட் ஃபைலில் போடலாம். இல்லையென்றால் யூடிஸ்கி என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது, அதையும் ஆட்டோஸ்டார்ட்டில் ஒரு வரியாகப் போட்டால் போதும். ராம் குறைந்த சிஸ்டத்துக்கு நான் யூடிஸ்கிதான் போடுவேன். ரூட் பாஸ்வேர்டும் இனி வேண்டாம், கடைப் பையனுக்குத் தெரிந்திருப்பதால் முதலில் அதை மாற்றிவிடுங்கள். சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்து லாகின் பண்ணியிருக்கிறவர் வெளியிலிருந்து செருகுகிற டிரைவை மவுண்ட் பண்ண, போல்கிட் என்கிற அனுமதி பார்க்கிற சர்வீஸ் தானாகவே அனுமதி கொடுக்கும். உள்ளே பொருத்திய ஹார்ட் டிஸ்க்குக்கும், எஸ்எஸ்ஹெச்சில் வேறு சிஸ்டத்திலிருந்து நுழைந்தவருக்கும்தான் பாஸ்வேர்டு கேட்கும்.

டெபியனில் மீடியா ஃபோல்டருக்குள் யூசர் பெயர், அதற்குள் பென்டிரைவின் லேபிள் என்று வரும். ஃபெடோராவிலோ ஆர்ச்சிலோ எழுதிய ஸ்கிரிப்டை எடுத்துப் போட்டால் வேலை செய்யாது, அங்கே ரன் ஃபோல்டருக்குள் மீடியா என்று போகும். ஒரே லேபிளில் இரண்டு பென்டிரைவ் வந்தால் இரண்டாவதற்குப் பின்னால் 1 சேர்ந்துகொள்ளும்.

காட்பாடி ஹாஸ்டல்:

அண்ணா, இதற்கு எதற்குத் தனி புரோகிராம்? யூடெவ் ரூலிலேயே (டிவைஸ் செருகினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிற ஃபைல்) ரன் என்று போட்டு மவுண்ட் கமாண்டைக் கொடுத்தால் முடிந்தது. டெஸ்க்டாப் எது என்று பார்க்கவே தேவையில்லையே.

குடியாத்தம் லினக்ஸ்:

தம்பி, நெட்டில் இன்னும் அந்த வழிதான் நிறைய இடத்தில் கிடக்கிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இப்போதைய சிஸ்டம்டியில் (சர்வீஸ்களையெல்லாம் கிளப்பி நடத்துகிற புரோகிராம்) யூடெவ் சர்வீஸ் தனக்கென்று தனி மவுண்ட் நேம்ஸ்பேஸில் ஓடுகிறது. உன் ரூல் மவுண்ட் பண்ணப் பார்த்தாலும் யூடெவைச் சுற்றியிருக்கிற பாதுகாப்பு வேலி விடாது, விட்டாலும் அந்த மவுண்ட் யூடெவுக்கு மட்டும்தான் தெரியும், உன் டெஸ்க்டாப்பில் அந்த ஃபோல்டர் காலியாக இருக்கும். இது ஒன்று. ரன் என்பது சட்டென்று முடிகிற கமாண்டுக்கு மட்டும்தான். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவைப் படிக்கிற என்டிஎஃப்எஸ்-3ஜி மாதிரி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதைக் கொடுத்தால், அந்த ஈவென்ட் முடிந்ததும் யூடெவ் அதைக் கொன்றுவிடும். டெஸ்க்டாப்பே இல்லாத சர்வரில் தானாக மவுண்ட் ஆக வேண்டும் என்றால், ரூலிலிருந்து சிஸ்டம்டி-மவுண்ட் கமாண்டை நோ-பிளாக் ஆப்ஷனோடு கூப்பிட வேண்டும், அப்போது மவுண்டைச் சிஸ்டம்டி செய்யும். மனிதர் உட்கார்ந்திருக்கிற சிஸ்டத்தில் யூடிஸ்க்ஸ்தான் சரி. ஏன் என்றால் அது ஒவ்வொரு மவுண்டுக்கும் நோசூயிட், நோடெவ் போட்டுவிடும், பென்டிரைவில் இருக்கிற புரோகிராம் ரூட் அதிகாரம் எடுக்கவோ அதிலுள்ள டிவைஸ் ஃபைல் வேலை செய்யவோ அவை விடாது. ஃபேட் பென்டிரைவ் என்றால் ஃபைலின் உரிமையை உட்கார்ந்திருக்கிற யூசருக்குக் கொடுத்து, யுடிஎஃப்-8 ஆப்ஷனையும் சேர்த்துவிடும். தமிழிலும் வங்காளியிலும் பெயர் வைத்த ஃபைல்கள் கேள்விக்குறியாகாமல் வருவது அதனால்தான்.

பாகாயம் நெட்வொர்க்:

எல்லோரும் எப்படி மவுண்ட் பண்ணுவது என்றே பேசுகிறீர்கள். பொதுக் கடை சிஸ்டத்தில் அது தானாக நடக்கவே கூடாது என்பது என் கருத்து. மவுண்ட் என்றாலே, முன்பின் தெரியாத ஒருவர் கொண்டு வந்த ஃபைல் சிஸ்டத்தைக் கர்னலே உள்ளே எடுத்துப் படிக்கிறது. ஃபைல் சிஸ்டம் டிரைவர்களில் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன, திட்டமிட்டுக் கெடுத்த இமேஜ் ஒன்று போதும். 2010இல் ஸ்டக்ஸ்நெட் என்ன செய்தது? ஆட்டோரன் அணைத்திருந்த விண்டோஸிலும், ஃபோல்டரைத் திறந்து ஷார்ட்கட் ஐகான் திரையில் தெரிந்தாலே போதும் என்கிற ஓட்டை வழியாக நுழைந்தது. லினக்ஸுக்கும் இது நடந்திருக்கிறது. 2017இல் விண்டோஸ் இன்ஸ்டாலர் ஃபைலுக்கு ஐகான் காட்டுகிற ஒரு க்னோம் தம்ப்நெய்லரில், ஃபைல் பெயருக்குள்ளேயே கோடை வைத்து ஓட வைக்கலாம் என்று வெளிவந்தது. கிளிக் எதுவும் தேவையில்லை, ஃபோல்டரைத் திறந்தால் போதும்.

அதற்கும் மேலே 2014இல் பிளாக் ஹாட் மாநாட்டில் காட்டிய பேட்யுஎஸ்பி. பென்டிரைவ் மாதிரி இருப்பது கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு நுழைந்து தானே டைப் அடிக்கும். க்னோமில் ஆட்டோமவுண்ட் செட்டிங்கை ஃபால்ஸ் என்று வைக்கலாம், யூடெவ் ரூலில் யூடிஸ்க்ஸ்_ஆட்டோ பூஜ்யம் என்று போடலாம். கஸ்டமர் ஃபைலை வாட்ஸ்அப்பில், மெயிலில் வாங்குங்கள். பென்டிரைவ் வாங்காதீர்கள்.

வாலாஜா டீச்சர்:

சார், நீங்கள் சொல்கிற ஆபத்து எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த வயதானவரிடம் மெயிலில் அனுப்புங்கள் என்று எப்படிச் சொல்வது? அவர் கையில் இருப்பது மகன் கொடுத்தனுப்பிய பென்டிரைவ் மட்டும்தான். தானாக மவுண்ட் ஆவதை அணைத்துவிட்டால் கடைப் பையன் கையால் மவுண்ட் பண்ணப் போகிறான், அதே ஃபைல் சிஸ்டத்தை அதே கர்னல்தான் படிக்கப் போகிறது. அங்கே பாதுகாப்பு எதுவும் கூடவில்லை, தாமதம் மட்டும் கூடுகிறது. பேட்யுஎஸ்பிக்கும் மவுண்டுக்கும் சம்பந்தமே இல்லை, அதற்கு யுஎஸ்பிகார்டு என்கிற காவல் புரோகிராமைப் போட்டு புதிய கீபோர்டு எதையும் ஏற்காதே என்று சொல்ல வேண்டும்.

மவுண்ட் ஆவது, திறப்பது, ஓடுவது, எழுதுவது, இந்த நான்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பள்ளி லேபில் வைரஸைக் கொண்டு வந்தது மவுண்ட் கிடையாது, ஆட்டோரன். எக்ஸ்பி காலத்தில் பென்டிரைவில் இருக்கிற ஆட்டோரன் ஃபைல் சொன்ன புரோகிராமை விண்டோஸ் ஓட வைத்துவிடும், 2008இல் கான்ஃபிக்கர் பென்டிரைவ் வழியாகவும் பரவியது அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் 2009இல் விண்டோஸ் 7இல் பென்டிரைவுக்கு அதை நிறுத்தியது, 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அப்டேட்டில் நிறுத்தியது. மவுண்ட் ஆவதை அவர்களும் நிறுத்தவில்லை, டிரைவ் லெட்டர் இன்றைக்கும் தானாகத்தான் வருகிறது.

அதற்கப்புறமும் ஷார்ட்கட் வைரஸ் நம் ஊர்க் கடைகளில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் எழுதுகிற அனுமதி. செருகிய ஒவ்வொரு டிரைவிலும் அது எழுதிக்கொள்கிறது. ஆகவே எனக்குப் பட்டது: மவுண்ட் தானாக ஆகட்டும். ஓடுவது அறவே வேண்டாம், திறப்பது தானாக வேண்டாம், எழுதுவது கேட்டால் மட்டும்.

தோட்டப்பாளையம் டிடிபி:

டீச்சர், நீங்கள் சொன்னது மனதில் நின்றது. ஷார்ட்கட் வைரஸ் பிடித்த பென்டிரைவ் தினமும் வருகிறது. விண்டோஸில் ஃபோல்டரெல்லாம் ஒரு கேபி ஷார்ட்கட்டாகத் தெரிகிறது என்று அழுதுகொண்டே வருகிற பிள்ளைகள் உண்டு, அடுத்த நாள் வைவா இருக்கும். எங்கள் லினக்ஸில் செருகினால் உண்மையான ஃபோல்டர் பக்கத்திலேயே தெரிகிறது, எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அது ஏன் என்று மட்டும் இதுவரை தெரியாது.

எழுதாமல் மவுண்ட் பண்ணுவது எப்படி?

குடியாத்தம் லினக்ஸ்:

அது ஏன் என்றால், அந்த வைரஸ் உண்மையான ஃபோல்டருக்கு ஹிடன், சிஸ்டம் என்று ஃபேட் அட்ரிபியூட் போட்டு மறைக்கிறது. லினக்ஸ் அந்த அட்ரிபியூட்டைப் பார்த்து மறைப்பதில்லை, பெயருக்கு முன்னால் புள்ளி இருந்தால்தான் மறைக்கும். சில சமயம் பெயரே வெற்றிடமாக ஒரு ஃபோல்டர் இருக்கும், எல்லா ஃபைலும் அதற்குள் கிடக்கும். பெயர் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

எழுதாமல் மவுண்ட் பண்ண, யூடிஸ்க்ஸ்2 2.9 முதல் மவுண்ட்_ஆப்ஷன்ஸ்.கான்ஃப் என்று ஒரு ஃபைல் உண்டு, ஈடிசிக்குள் யூடிஸ்க்ஸ்2 ஃபோல்டரில். டிஃபால்ட்ஸ் பகுதியில் ஆர்ஓ என்று போட்டால் எல்லா டிரைவும் ரீட்-ஒன்லியாக வரும். டெபியன் 12இல் இருப்பது 2.9தான், ஆகவே வேலை செய்யும்.

ஆனால் கடைக்கு இன்னும் நல்ல வழி, போர்ட்டை வைத்துப் பிரிப்பது. இதற்கு யூடெவ் ரூல்தான் சரியான இடம், ஏன் என்றால் கொடுக்கிற கமாண்ட் சட்டென்று முடிகிற ஒன்று. யுஎஸ்பி வழியாக வருகிற ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பார்ட்டிஷனுக்கும் பிளாக்டெவ் கமாண்டை செட்ஆர்ஓ ஆப்ஷனோடு ஓட்டச் சொல்லுங்கள். கர்னலே அந்த டிவைஸை எழுத முடியாதது என்று குறித்துக்கொள்ளும், பிறகு யார் ரீமவுண்ட் பண்ணினாலும் எழுத முடியாது. யூடெவ் தன் கமாண்டுகளை ஓட்டி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சேதி சொல்லும், ஆகவே யூடிஸ்க்ஸ் முந்திக்கொள்ளாது. இது ஆர்ஓ மவுண்டை விடவும் பலமானது, ஏனென்றால் இஎக்ஸ்டி4 மாதிரி ஜர்னல் (எழுதப் போவதை முன்கூட்டியே குறித்து வைக்கிற பகுதி) இருக்கிற ஃபைல் சிஸ்டத்தை ஆர்ஓ என்று மவுண்ட் பண்ணினாலும் கர்னல் பழைய ஜர்னலை டிஸ்க்கில் எழுதி முடிக்கப் பார்க்கும்.

ஒரு போர்ட்டை மட்டும் விட்டுவிட ஐடி_பாத் என்கிற மதிப்பைப் பார்க்கலாம். முன்பக்கத்து மேல் போர்ட்டில் ஏதாவது பென்டிரைவைச் செருகி, யூடெவாட்ம் இன்ஃபோ கமாண்டில் அதைப் பார்த்தால் பிசிஐ என்று தொடங்கி யுஎஸ்பி, போர்ட் எண் என்று நீளமாக ஒன்று வரும். பென்டிரைவ் மாறினாலும் போர்ட் வரையிலான பகுதி மாறாது, அதற்குப் பின்னால் நட்சத்திரக்குறி போட்டுக்கொள்ளுங்கள். அந்த மதிப்பு இல்லாதவற்றுக்கு மட்டும் செட்ஆர்ஓ. ரூல் ஃபைலின் பெயர் 90இல் தொடங்கட்டும், 60ஆம் எண் ரூல்கள் ஓடிய பிறகுதான் ஐடி_பாத் கிடைக்கும்.

பாகாயம் நெட்வொர்க்:

போர்ட் வாரியாகப் பிரிப்பதை ஏற்கிறேன். நோஎக்ஸெக் (டிரைவிலிருந்து புரோகிராம் நேரடியாக ஓடாமல் தடுப்பது) சேர்க்கச் சொல்லுங்கள், யூடிஸ்க்ஸ் அதைத் தானாகப் போடுவதில்லை. துனாரில் தம்ப்நெய்லை நெவர் என்று வையுங்கள். எக்ஸ்எஃப்சிஇயில் ரிமூவபிள் டிரைவ்ஸ் செட்டிங்கில் மவுண்ட் சம்பந்தமான டிக் மட்டும் இருக்கட்டும். பிரவுஸ், ஆட்டோ-ரன், ஆட்டோ-ஓப்பன் டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

ஆம்பூர் ஸ்டுடியோ:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். கல்யாண போட்டோ எடுக்கிறேன். கேமரா கார்டிலிருந்து கஸ்டமர் பென்டிரைவுக்குக் காப்பி போட்டால் 100 சதவீதம் வந்துவிடுகிறது, எடுத்துக் கொடுத்து வீட்டில் போய்ப் பார்த்தால் கடைசி வீடியோக்கள் திறக்கவில்லை என்கிறார்கள். ஒருவருக்கு வாழ்க்கையில் ஒருமுறை நடக்கிற விசேஷம். இது லினக்ஸில்தான் நடக்கிறது, பென்டிரைவ் பழுதா?

குடியாத்தம் லினக்ஸ்:

பென்டிரைவ் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு அண்ணா. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு, காப்பி முடிந்தது என்று சொல்லிவிடுகிறது. பிறகு பின்னணியில் பென்டிரைவுக்கு இறக்குகிறது. ராமில் 30 விநாடிக்கு மேல் பழையதாகிவிட்ட டேட்டாவை எழுத ஆரம்பிக்கும் என்பதுதான் கர்னலின் வழக்கமான அமைப்பு, எழுதி முடிக்க அதற்கு மேலும் ஆகும். மலிவான பென்டிரைவில் எழுதுகிற வேகம் மிகக் குறைவு, ஆகவே பெரிய வீடியோ என்றால் 100 சதவீதம் காட்டிய பிறகும் நிமிடக் கணக்கில் ஓடும். எஜெக்ட் கொடுங்கள், "எடுக்கலாம்" என்று வரும் வரை கையை வைக்காதீர்கள். டெர்மினல் பழக்கம் இருந்தால் சிங்க் என்று அடித்துவிட்டு அது திரும்பி வரும் வரை காத்திருங்கள்.

ஃபேட்32 பென்டிரைவுக்கு எழுத வேண்டியதைச் சீக்கிரம் இறக்குகிற ஃப்ளஷ் ஆப்ஷனை யூடிஸ்க்ஸ் தானாகப் போடும், அதனால் அதில் பிரச்சினை குறைவு. உங்களுடையது எக்ஸ்ஃபேட்டாக இருக்கும், 4 ஜிபிக்கு மேலான வீடியோவை ஃபேட்32 ஏற்காதே. விண்டோஸ் 10இல் 2018இன் 1809 பதிப்பு முதல் "குவிக் ரிமூவல்" என்பதே வழக்கமான அமைப்பு, அதனால் அங்கே பழகிய கை இங்கே அவசரப்படுகிறது.

தோட்டப்பாளையம் அண்ணா, உங்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. ரீட்-ஒன்லியாக மவுண்ட் ஆன பென்டிரைவில் எழுத ஒன்றுமே நிலுவையில் இருக்காது. கஸ்டமர் அவசரத்தில் அப்படியே உருவிக்கொண்டு போனாலும் அவர் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, மவுண்ட்பாயின்ட்டை யூடிஸ்க்ஸ் பின்னாலேயே சுத்தம் பண்ணிவிடும்.

வாலாஜா டீச்சர்:

இதே இழையில் என் கேள்வியும். பள்ளி அலுவலக சிஸ்டத்தில் பேக்கப்புக்கு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, எஃப்எஸ்டேப்பில் (சிஸ்டம் கிளம்பும்போது மவுண்ட் ஆக வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், 2019இல் பிரித்தாலும் கரண்ட் கட் மட்டும் பிரிவினை பார்ப்பதில்லை. டிஸ்க்கைக் கழற்றி வைத்திருக்கும்போது கரண்ட் போய் வந்தால், சிஸ்டம் ஒன்றரை நிமிடம் நின்று பிறகு எமர்ஜென்சி மோட் என்று கறுப்புத் திரைக்குப் போகிறது. டிசி வாங்க வந்த பெற்றோர் வெளியே நிற்கிறார்கள்.

பாகாயம் நெட்வொர்க்:

எஃப்எஸ்டேப்பில் இருக்கிற எல்லா டிஸ்க்கும் சிஸ்டம் பூட் ஆவதற்குக் கட்டாயம் என்று சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும், 90 விநாடி காத்திருந்து வரவில்லை என்றால் நின்றுவிடும். ஆப்ஷன் பத்தியில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்பது) சேர்த்து, கூடவே எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்டும் சேர்த்துவிடுங்கள். அப்போது பூட் ஆகும்போது மவுண்ட் ஆகாது, அந்த ஃபோல்டருக்குள் யாராவது நுழையும்போதுதான் ஆகும். டிஸ்க்கை எஸ்டிபி1 என்று எழுதாமல் யுயுஐடியால் எழுதுங்கள், எஸ்டிபி என்பது செருகுகிற வரிசையைப் பொறுத்து மாறும்.

நோஃபெயில் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்க் இல்லாதபோதும் அந்தக் காலி ஃபோல்டர் இருக்கும், பேக்கப் ஸ்கிரிப்ட் அதற்குள்ளேயே எழுதித் தள்ளி உள் டிஸ்க்கை நிரப்பிவிடும், பேக்கப் நடந்ததாகவே நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஆட்டோமவுண்டும் இருந்தால் டிஸ்க் இல்லாதபோது எழுத முயன்றாலே எர்ரர் வரும்.

டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்றால், விண்டோஸ் 8இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அந்த விண்டோஸ் சிஸ்டத்தில் அணைத்துவிடுங்கள். அது முழுதாக ஷட்டவுன் ஆகாமல் பாதி ஹைபர்னேட்டில் போவதால் டிஸ்க் "டர்ட்டி" என்று குறிக்கப்பட்டு, லினக்ஸில் ரீட்-ஒன்லியாக வரும், அல்லது மவுண்டே ஆகாது. விண்டோஸில் போட்டு செக்டிஸ்க் ஓட்டிவிட்டு முறையாக எஜெக்ட் பண்ணுங்கள்.

தோட்டப்பாளையம் டிடிபி:

எல்லோருக்கும் நன்றி. உள்ளே இருக்கிற இரண்டிலும் யூடிஸ்கி போட்டுவிட்டேன், செருகியதும் வருகிறது. ரூல் எழுதியாகிவிட்டது. முன்பக்கத்து மேல் போர்ட்டைச் சுற்றி சிவப்பு டேப் ஒட்டி "எழுத மட்டும் இங்கே" என்று பையனிடம் சொல்லிவிட்டேன். மற்ற போர்ட்டில் போட்டதைத் திருத்த வேண்டும் என்றால் டெஸ்க்டாப்புக்குக் காப்பி எடுத்துத் திருத்தி பிரிண்ட் எடுக்கிறோம், திருத்தியது வேண்டும் என்று கஸ்டமர் கேட்டால் மட்டும் சிவப்பு போர்ட். கேட்கிறவர்கள் மிகக் குறைவு, பெரும்பாலோர் பேப்பரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஒன்று பாக்கி. ஸ்கேன் சிடி கவுண்டரில் தானாக மவுண்ட் ஆகிறது, ஆனால் உள்ளே இருக்கிற வியூவர் இஎக்ஸ்இ, திறக்கவில்லை. இதற்காக மட்டும் ஒரு விண்டோஸ் வைக்க வேண்டுமா?

வாலாஜா டீச்சர்:

வேண்டாம் சார். 2011 அப்டேட்டில்கூட சிடிக்கு ஆட்டோரனை நிறுத்தவில்லை, அதனால் விண்டோஸில் அந்த வியூவர் சிடியிலிருந்து தானே கிளம்பப் பார்க்கும். உங்கள் கடையில் வேண்டாம் என்று முடிவு பண்ணியதே அதைத்தான். சிடிக்குள் டைகாம் என்கிற பெயரில் ஒரு ஃபோல்டரோ, டைகாம்டிர் என்று ஒரு ஃபைலோ இருக்கும், படங்கள் பொது வடிவத்தில்தான் இருக்கின்றன. வீஸிஸ் என்று ஒரு இலவச வியூவர் லினக்ஸில் ஓடும், அதில் அந்த ஃபைலைக் கொடுத்தால் ஸ்கேன் முழுக்க வரும். ஃபிலிம் அளவுக்குப் பிரிண்ட் கேட்டால் மட்டும், இது டாக்டர் பார்த்து முடிவு சொல்கிற தரத்தில் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிடியையும் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோட்டப்பாளையம் டிடிபி:

சரி டீச்சர், இன்று ராத்திரி கடை மூடின பிறகு வீஸிஸ் போட்டுப் பார்க்கிறேன். ரூல் ஃபைலை அப்புறம் அப்படியே இங்கே போடுகிறேன், சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற நண்பர்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் ஐடி_பாத் மதிப்பை மட்டும் தங்கள் சிஸ்டத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.